மண்டிக்காரரின் வேலை: சிறு உழவர் குழுக்களும் கூட்டு விற்பனையும்

ஈரோட்டில் மஞ்சள் ஏலம் நடக்கும் நாளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் சரக்கை யாரும் கொட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் உழவரின் சரக்கிலிருந்தும் எடுத்த மாதிரி தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கும். வாங்க வந்தவர் ஒரு விரலி மஞ்சளை எடுத்து இரண்டாக ஒடிக்கிறார். நன்றாகக் காய்ந்த மஞ்சள் கணீரென்ற ஓசையோடு ஒடியும். ஈரம் மிச்சமிருந்தால் கொஞ்சம் வளைந்துகொடுத்துத்தான் முறியும். ஒடிந்த இடத்தில் நிறத்தைப் பார்க்கிறார், மேல்தோலின் மெருகை விரலால் தடவிப் பார்க்கிறார், சீட்டில் விலை எழுதுகிறார், அடுத்த மாதிரிக்கு நகர்கிறார். ஒன்பது மாதம் நிலத்தில் நின்று, பிறகு வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி வந்த பயிரின் விலை இப்படிச் சில நொடிகளில் முடிவாகிறது.

ஆறு மூட்டை கொண்டுவந்தவருக்கும் அறுபது மூட்டை கொண்டுவந்தவருக்கும் அங்கே நடைமுறை ஒன்றுதான். நிலைமைதான் வேறு. ஆறு மூட்டைக்காரர் வண்டி வாடகையைத் தனியாகக் கொடுத்திருக்கிறார். சீட்டில் எழுதிய விலை பிடிக்காவிட்டால் விற்க மறுக்கும் உரிமை அவருக்கும் உண்டு. ஆனால் மறுத்தால் சரக்கை எங்கே வைப்பது, அடுத்த ஏலம் வரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது, அறுவடைக்கு வாங்கிய கடனுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விகள் காத்திருக்கின்றன. அதனால் அவர் பெரும்பாலும் தலையசைத்துவிடுகிறார்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 79 லட்சம் சாகுபடிக் கைப்பற்றுகள் இருந்தன. சராசரிப் பரப்பு 0.75 எக்டேர்; அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிறு, குறு உழவர்கள். ஆறு மூட்டைக்காரரின் நிலைமைதான் இந்த மாநிலத்தின் பொது நிலைமை. இவர்களை ஒன்றுசேர்த்துக் கூட்டாக விற்கச் செய்தால் பேரம் பேசும் வலு வரும் என்ற எண்ணம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. அதற்காகச் சட்டங்கள் வந்தன, சங்கங்கள் வந்தன, நிறுவனங்கள் வந்தன. ஆனால் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது: இடைத்தரகரை ஒழிக்க வேண்டும்.

இந்தத் தொடக்கப் புள்ளியே பிழை என்பது என் கருத்து. மண்டிக்காரர் கமிஷனை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவர் அல்லர். விதைப்புக்கு முன்பணம் கொடுக்கிறார். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அடமானம் கேட்காமல் கைமாற்று கொடுக்கிறார். சரக்கு வந்த அன்றே பணம் பட்டுவாடா செய்கிறார். நல்லதையும் கழிவையும் பிரிக்கிறார். எந்த ஊரில் எந்தச் சரக்குக்குத் தேவை என்று தெரிந்துவைத்திருக்கிறார். வாங்கியவர் ஒரு மாதம் கழித்துப் பணம் தந்தால் அந்த ஒரு மாதத்தைத் தாங்குகிறார். இவற்றுக்கெல்லாம் அவர் எடுக்கும் விலை பல நேரங்களில் அநியாயமானது. முன்பணம் வாங்கியவர் வேறு மண்டிக்குப் போக முடியாது என்ற கட்டு அதைவிட அநியாயமானது. ஆனாலும் அந்த வேலைகள் நடந்தாக வேண்டும். இவற்றில் எதை நாங்கள் ஏற்கிறோம் என்று முடிவு செய்யாமல் தொடங்கும் உழவர் குழு, முதல் அறுவடையிலேயே தன் உறுப்பினர்களை மண்டிக்காரரிடமே இழக்கிறது.

நூறாண்டு முயற்சி

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல் வந்தது. அதற்கு முன்னோடியாக இருந்தது சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் தயாரித்த அறிக்கை. உழவர் கடனைப் பற்றிக் கவலைப்பட்ட ஆட்சியாளர்கள், ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் போன்றவற்றை இங்கும் உருவாக்கலாம் என்று கருதினார்கள். அந்த ஆண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் சங்கம் தொடங்கியது. முதலில் கடன், பிறகுதான் விற்பனை என்ற அந்த வரிசையில் பொருள் இருந்தது. கடனில் சிக்கியவரால் சுதந்திரமாக விற்க முடியாது என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

விற்பனை முறைகேடுகளை நோக்கி வந்தது 1933-ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம். அதன்கீழ் 1936-இல் பருத்திக்காகத் திருப்பூரில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தொடங்கியது. எடையில் ஏமாற்று, கணக்கில்லாத கழிவு, ஆளுக்கொரு பேரில் பிடித்தம் என்று நடந்தவற்றை ஒரு கூரையின்கீழ் கொண்டுவந்து கட்டுப்படுத்துவது நோக்கம். இன்றும் இந்தக் கூடங்களில் உழவரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. வாங்கும் வியாபாரிதான் 1 விழுக்காடு சந்தைக் கட்டணம் செலுத்துகிறார். திருச்செங்கோடு, ஈரோடு, கோபிசெட்டிபாளையம் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களில் நடக்கும் மஞ்சள், பருத்தி ஏலங்களும் இந்த மரபில் வந்தவைதான். உழவர்கள் அவற்றை ‘சொசைட்டி’ என்றே சொல்கிறார்கள். காய்கறியும் பழமும் பெருமளவில் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே, தனியார் கமிஷன் மண்டிகளிலேயே தங்கிவிட்டன.

கூட்டுறவுச் சங்கங்களில் அரசின் கை ஓங்கி, தேர்தலும் நிர்வாகமும் அரசியலோடு பிணைந்துபோன பிறகு, வேறு வடிவம் தேடப்பட்டது. ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் உற்பத்தியாளர் நிறுவனம் என்ற புதிய வகை கம்பெனிச் சட்டத்துக்குள் வந்தது. பத்து உழவர்கள் சேர்ந்தால் போதும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. வெளியார் பணம் போட்டு நிறுவனத்தைக் கைப்பற்ற முடியாது. கூட்டுறவின் ஆன்மாவும் கம்பெனியின் உடலும் என்று எண்ணி வடிவமைத்தார்கள்.

தமிழ்நாடு அரசு 2017-18-இல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. 20 பேர் கொண்டது உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து சேர்ந்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. ஒவ்வோர் உற்பத்தியாளர் குழுவுக்கும் தொகுப்பு நிதியாக 5 லட்சம் ரூபாய். பெரும்பாலும் பண்ணைக் கருவிகள் வாங்க. முதல் ஆண்டில் மட்டும் 2 லட்சம் உழவர்கள், 2,000 குழுக்கள், 100 கோடி ரூபாய். குழுக்கள் பல சேர்ந்து ஆயிரம் பேர் அளவில் உற்பத்தியாளர் நிறுவனமாக வேண்டும் என்பது அடுத்த படி. மைய அரசு 2020 பிப்ரவரியில் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை 6,865 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அறிவித்தது. 2025 பிப்ரவரியில் பத்தாயிரமாவது அமைப்பு தொடங்கிவைக்கப்பட்டது.

எண்ணிக்கை நிறைவேறிவிட்டது. இந்த நிறுவனங்களின் பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

நாலு ஏக்கர் மஞ்சள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 உறுப்பினர்கள் கொண்ட ஒரு மஞ்சள் உழவர் நிறுவனம். ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு. சேர்வது 5 லட்சம். 2020 திட்டத்தில் உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக, ஆளுக்கு 2,000 ரூபாய்க்கு மிகாமல், ஓர் அமைப்புக்கு மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமல் மானியம் உண்டு. ஆக இன்னொரு 5 லட்சம் வருகிறது. கையில் 10 லட்சம்.

மஞ்சள் குவிண்டால் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த 10 லட்சத்தில் 100 குவிண்டால் வாங்கலாம். நல்ல பராமரிப்பில் ஓர் ஏக்கரில் காய்ந்த மஞ்சள் இருபது, இருபத்தைந்து குவிண்டால் கிடைக்கும். 500 பேர் கொண்ட நிறுவனம், தன் மொத்தப் பணத்தையும் போட்டு, நாலைந்து ஏக்கர் விளைச்சலை மட்டுமே வாங்க முடியும். மீதி நானூற்றுச் சொச்சம் பேர் தை, மாசியில் சரக்கை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள்? போன ஆண்டு போன இடத்துக்கே.

பங்குக்கு நூறு ரூபாய் வாங்கிய நிறுவனங்களும் உண்டு. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொகுத்த கணக்கில், 2019 மார்ச் வரை நாட்டில் பதிவான உற்பத்தியாளர் நிறுவனங்கள் 7,374. அவற்றில் மிகப் பெரும்பான்மையின் செலுத்தப்பட்ட மூலதனம் 10 லட்சத்துக்குக் கீழேதான். வங்கிக்குப் போனால் மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு, அடமானம் என்று கேட்பார்கள். புதிதாகத் தொடங்கிய நிறுவனத்திடம் இரண்டும் இருக்காது. 2020 திட்டத்தில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு உத்தரவாத ஏற்பாடு இருக்கிறது. ஆனால் உத்தரவாதம் கடனைப் பாதுகாக்குமே தவிர, கடன் கொடுக்கும் மனத்தை வங்கிக் கிளை மேலாளருக்குத் தந்துவிடாது.

அரசின் உதவியில் பெரும் பகுதி எதற்குப் போகிறது என்று பார்த்தால் பிரச்சினை இன்னும் தெளிவாகும். ஓர் அமைப்புக்கு மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் ரூபாய் வரை உண்டு. தலைமைச் செயல் அலுவலர், கணக்கர், அலுவலக வாடகை எல்லாம் இதில் ஓடுகின்றன. தேவைதான். ஆனால் சம்பளம் கொடுக்கப் பணம் இருந்து, சரக்கு வாங்கப் பணம் இல்லாத வணிகம் மூன்றாண்டு முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டத்தான் செய்யும். உரமும் விதையும் பூச்சிமருந்தும் விற்றுப் பிழைக்கும் நிறுவனங்கள் நிறைய. அவற்றைக் குறைசொல்லும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இடுபொருள் கடையில் சரக்கு மாதத்துக்குள் பணமாகத் திரும்புகிறது, உறுப்பினர் வாரம் ஒருமுறை வாசலுக்கு வருகிறார், கணக்கு எழுதும் பழக்கம் படிகிறது. விற்பனைக்கு முன்னே நம்பிக்கை சேரும் இடம் அது.

ஆனந்தில் எது வேலை செய்தது

கூட்டு விற்பனை என்றதும் எல்லோரும் அமுல் என்கிறார்கள். 1946-இல் குஜராத்தின் ஆனந்தை உள்ளடக்கிய கைரா மாவட்ட உழவர்கள் பால்சன் நிறுவனத்தின் கொள்முதல் ஏகபோகத்தை எதிர்த்துப் பதினைந்து நாள் பால் கொடுக்க மறுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் ஒன்றியம் பதிவானது. 1949-இல் வர்கீஸ் குரியன் வந்து சேர்ந்தார். 1955-இல் எருமைப் பாலைப் பொடியாக்கும் ஆலை வந்தது, எச்.எம். தலாயாவின் தொழில்நுட்ப உழைப்பு அதன் பின்னால் இருந்தது. இந்தக் கதையில் தலைவர்களின் ஆளுமை பேசப்படும் அளவுக்குப் பாலின் இயல்பு பேசப்படுவதில்லை.

பால் நாளுக்கு இருமுறை, ஆண்டு முழுவதும் வருகிறது. ஒருவர் இன்று சங்கத்துக்கு ஊற்றாமல் வேறு ஒருவருக்கு ஊற்றினால் நாளைக்கே தெரிந்துவிடும். சிறிய சிறிய தொகையாகப் பணம் அடிக்கடி கைமாறுவதால் சங்கம் பெரிய தொகையை நெடுநாள் முடக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கலப்பதற்கு முன்பு அளக்கிறார்கள். ஒவ்வொருவரின் பாலும் அவர் கண்முன் அளக்கப்பட்டு, கொழுப்புச் சத்து சோதிக்கப்பட்டு, அதற்கேற்ற விலை அவர் கணக்கில் எழுதப்பட்ட பிறகுதான் பொதுக் கேனில் ஊற்றப்படுகிறது. தண்ணீர் கலந்தவரின் நட்டம் கலக்காதவர் தலையில் விழுவதில்லை. தட்டுப்பாடில்லாத பருவத்தில் மிஞ்சும் பாலைப் பொடியாகவும் வெண்ணெயாகவும் மாற்ற ஆலை சங்கத்தின் கையிலேயே இருந்தது.

மஞ்சளுக்கு வருவோம். ஒருவர் சரியான பதத்தில் வேகவைத்து, சுத்தமான களத்தில் இரண்டு வாரம் காயவைத்து மெருகேற்றியிருக்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் அவசரத்தில் ஈரத்தோடு மூட்டை கட்டியிருக்கிறார். இரண்டையும் ஒரே குவியலாக்கி ஏலத்துக்கு வைத்தால், ஒடித்துப் பார்க்கும் வியாபாரியின் கையில் எந்த விரலி சிக்கும் என்பது அதிர்ஷ்டம். அவர் பாதுகாப்பாக, மட்டமான சரக்கை மனத்தில் வைத்து விலை எழுதுவார். அடுத்த ஆண்டு நல்ல மஞ்சள் வைத்திருப்பவர் குழுவுக்குக் கொண்டுவர மாட்டார். மட்டமான சரக்கு மட்டும் வந்துசேரும். குழு உடைவதற்கு ஒற்றுமையின்மை காரணம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் ஒரு ஈரப்பதமானி வாங்காததுதான் காரணம்.

நீலகிரி சிறு தேயிலை உழவர்களின் அனுபவம் வேறொரு பாடம். குந்தாவில் 1962-இல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கியது. பின்னர் இவ்வகைத் தொழிற்சாலைகளுக்கு இன்கோசர்வ் என்ற இணையம் அமைந்தது. பறித்த பச்சைத் தேயிலை அன்றே ஆலைக்குள் போயாக வேண்டும் என்பதால் இங்கே ஆலை இல்லாமல் குழுவே இல்லை. ஆலை கையில் இருந்தும் தூளின் விலையைக் குன்னூர் ஏலமும் உலகச் சந்தையும்தான் தீர்மானிக்கின்றன. தொண்ணூறுகளின் இறுதியில் விலை விழுந்தபோது ஆலைக்குச் சொந்தக்காரர்களும் தப்பவில்லை. கூட்டு விற்பனை உழவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள பிடித்தங்களைக் குறைக்கும். சந்தை விலையையே தூக்கி நிறுத்தும் என்று உறுப்பினர்களிடம் சொல்லி ஆள் சேர்ப்பது அவர்களை ஏமாற்றுவதாகும்.

அழுகும் சரக்கு

தக்காளிக்கு மஞ்சளின் வழி ஒத்துவராது. உடுமலையிலும் ஒட்டன்சத்திரத்திலும் 14 கிலோ பெட்டிக் கணக்கில் விற்கிறார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் பெட்டியின் அளவே வேறு. காய்ப்புக் காலத்தில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். பறித்த பழத்தைத் திருப்பி எடுத்துப்போய் வைக்க இடமில்லை. விலை விழும் நாட்களில் பறிக்கும் கூலிக்கும் வண்டிக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவதையும், சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

இங்கே குழு செய்யக்கூடியது அடக்கமான வேலை. ஓர் உழவரிடம் ஒரு பறிப்புக்கு 30 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அவர் ஒரு குட்டியானை பிடித்து, பக்கத்துச் சந்தைக்குத்தான் போக முடியும். அங்கே அன்று எல்லோரும் வந்துவிட்டால் விலை அவ்வளவுதான். பன்னிரண்டு பேர் ஒரே நாளில் பறித்தால் 360 பெட்டி, ஐந்து டன். ஒரு லாரிக்குச் சரக்கு. அந்த லாரி கோயம்பேட்டுக்கும் போகலாம், கேரளத்துக்கும் போகலாம். எங்கே போவது என்று காலையில் நாலு இடத்துக்குப் போன் போட்டு விலை கேட்டு முடிவெடுக்கலாம். பெட்டி ஒன்றுக்கு ஏற்றுகூலியிலும் வண்டியிலும் சில ரூபாய் மிச்சமாகும். பெட்டி 150 ரூபாய்க்குப் போகும் நாளில் 10 விழுக்காடு கமிஷன் 15 ரூபாய். அதில் பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைத்தாலும் 30 பெட்டிக்கு 150 ரூபாய். ஒரு நாளைக்குச் சிறிய தொகை. பறிப்பு இருபது முறை நடக்கும் பருவத்தில் அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

இதற்குக் கம்பெனிப் பதிவும் தலைமைச் செயல் அலுவலரும் வேண்டியதில்லை. நடவை ஒருவர்பின் ஒருவராக வாரக் கணக்கில் தள்ளிப்போடவும், தரம் பிரித்துப் பெட்டி கட்டவும், யார் பெட்டியில் மேலே நல்ல பழமும் அடியில் காயும் இருந்தது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் கூடிய பன்னிரண்டு பேர் வேண்டும்.

இதற்கு முன்மாதிரி தருமபுரியிலேயே உண்டு. 2004-05 முதல் மூன்றாண்டுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 400 எக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை நடத்தியது. சொட்டுநீரோடு உரம் கலந்து விடுவதும் குழித்தட்டு நாற்றும்தான் அதன் அடையாளமாகப் பேசப்பட்டன. விளைச்சல் கூடியது, பழத்தின் அளவும் தரமும் ஒரே சீராக வந்தன. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. பக்கத்துப் பக்கத்து உழவர்கள் சிறு சிறு சங்கங்களாகக் கூடி, உரத்தைச் சேர்ந்து வாங்கி, வியாபாரிகளிடம் சேர்ந்து பேசினார்கள். சரக்கு ஒரே தரத்தில் இருந்ததால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. தொழில்நுட்பம் அங்கே தரப் பிரிப்பின் பாதி வேலையைச் செடியிலேயே முடித்துவிட்டது.

அதே தருமபுரியில்தான் 1989-இல் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் தமிழ்நாட்டில் முதன்முதலாக அரசுத் திட்டமாகத் தொடங்கின. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள், தவறாத கூட்டம், முதலில் சேமிப்பு, பிறகு உள்கடன், அதன் பிறகே வங்கி. உழவர் ஆர்வலர் குழுவுக்கு இருபது பேர் என்ற அளவு இந்த அனுபவத்திலிருந்து வந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டவர்கள் வரிசையை எடுத்துக்கொள்ளவில்லை. சேமிக்கும் பழக்கம் வருவதற்கு முன்பே 5 லட்சம் ரூபாய் வந்துசேர்ந்தது. பல குழுக்களின் முதல் கூட்டமே எந்தக் கருவி வாங்குவது, அது யார் வீட்டில் நிற்பது என்பதைப் பற்றித்தான். டிராக்டர் யார் வாசலில் நிற்கிறதோ அவருடையதாக ஊர் பேசத் தொடங்கியதும் மற்றவர்கள் கூட்டத்துக்கு வருவது குறைந்துபோனது.

பொருளியலாளர் மேன்கர் ஓல்சன் 1965-இல் எழுதியதன் சாரம் இதுதான்: கூட்டம் பெரிதாகப் பெரிதாக, தான் உழைக்காமலே பலன் பெறலாம் என்ற எண்ணம் ஒவ்வொருவருக்கும் வளரும், ஒருவர் ஒதுங்கினால் மற்றவர் கண்ணில் படும் அளவுக்குச் சிறிய குழுவே தானாக இயங்கும். சமவெளியில் குறைந்தது 300 பேர் இருந்தால்தான் அமைப்பு என்ற விதி மானியக் கணக்குக்கு வசதி. அந்த 300 பேர் ஒரே சந்தைக்கு ஒரே சரக்கை எடுத்துப்போகும் இருபது பேரின் பதினைந்து கூட்டங்களாக இருந்தால் பிழைக்கும். ஆதார் அட்டை நகல் கொடுத்த 300 பெயர்களாக இருந்தால் பிழைக்காது.

வாங்காமலே விற்பது

நாலு ஏக்கர் மஞ்சள் கணக்குக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு விடை உண்டு. நிறுவனம் சரக்கைத் தன் பணத்தில் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் உழவர் தன் பெயரிலேயே சரக்கை இருப்பு வைத்து, சந்தை மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் பெறலாம். 180 நாள் வரை வைத்திருக்கலாம். 2007-ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டத்தின்படி பதிவுபெற்ற கிடங்குகள் தரும் ரசீதை வைத்து வங்கியிலும் கடன் கேட்கலாம்.

நூறு உழவர்கள், ஆளுக்குப் பத்து குவிண்டால். மொத்தம் 1,000 குவிண்டால். ஒரு கோடி ரூபாய்ச் சரக்கு. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் 75,000 ரூபாய் வரை கடன். வீட்டுச் செலவும் மண்டிக்காரரின் முன்பணமும் அதில் தீரும். ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி என்றே வைத்தாலும் மூன்று மாதத்துக்கு 1,500 ரூபாய். குவிண்டாலுக்கு 150 ரூபாய். நிறுவனத்தின் வேலை ஈரம் அளப்பது, விரலியும் கிழங்கும் பிரிப்பது, ஒரே தரமுள்ள சரக்கை ஒன்றாக அடுக்கி மசாலா ஆலைகளிடமும் ஏற்றுமதியாளரிடமும் பெரிய அளவாகப் பேசுவது. அதற்கு ஒரு சேவைக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். தன் 10 லட்சத்தை அது தொடவே தேவையில்லை. அதைச் சாக்கு, வண்டி, சோதனைக் கருவி, சில நாள் தாமதமாகும் பட்டுவாடா ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஓர் ஆபத்தை மறைக்கக் கூடாது. இருப்பு வைப்பது விலை ஏறும் என்ற பந்தயம். 2010-இல் ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-இல் 4,000 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. ஏறும் ஏறும் என்று வீட்டில் அடுக்கி வைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் மூட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எனவே நிறுவனம் முதலிலேயே ஒரு விதியை எழுதி எல்லோரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும்: மூன்றில் ஒரு பங்கு உடனே, இன்னொரு பங்கு இரண்டு மாதத்தில், மிச்சம் கடன் கெடு முடிவதற்குள் விற்கப்படும். விலை உச்சத்தில் இருக்கும் நாளில் எல்லாவற்றையும் விற்கும் சாமர்த்தியம் யாருக்கும் இல்லை. நியாயமான சராசரி விலையை உறுதிசெய்யும் ஒழுங்கு யாருக்கும் கைவரக் கூடியது.

அந்த விதியை எழுதும்போதே கணக்கைத் திறந்துவைக்கும் விதியையும் எழுதிவிட வேண்டும். எந்த வியாபாரிக்கு, என்ன விலைக்கு, எந்தத் தேதியில், யார் யார் சரக்கு போனது என்பது அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மண்டியில் உழவருக்குக் கிடைக்காத ஒன்று இந்தத் தகவல்தான். அதைக் கொடுக்கும் குழுவுக்கு அவர் கொஞ்சம் குறைந்த விலையையும் பொறுத்துக்கொள்வார். ஊரின் பெரிய நிலக்காரரோ கட்சிக்காரரோ தலைவராக இருக்கும் இடங்களில் இந்தச் சுவர் வெறுமையாகவே இருக்கும் என்பது உறுப்பினர்களுக்கும் தெரியும். பதினைந்து பேர் ஒரே தெருவையும் ஒரே சாதியையும் சேர்ந்தவர்களாக இருந்து, மற்ற தெருக்காரர்கள் பெயரளவுக்கு மட்டும் சேர்க்கப்பட்ட குழுக்களும் உண்டு. கூட்ட அறிவிப்பு எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்று பார்த்தாலே குழுவின் ஆயுளைச் சொல்லிவிடலாம்.

குத்தகை உழவர்

மேலே சொன்ன ஏற்பாடு முழுவதும் ஒரு தாளில் நிற்கிறது. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன், உழவர் கடன் அட்டை, கொள்முதல் நிலையப் பதிவு எல்லாமே பட்டா, சிட்டா, அடங்கலில் தொடங்குகின்றன. உற்பத்தியாளர் நிறுவனச் சட்டம் உற்பத்தி செய்பவரைத்தான் உறுப்பினர் என்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் உறுப்பினர் படிவத்தோடு சிட்டா நகல் கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையிலும் வாரத்திலும் பயிர் செய்பவரிடமும், கணவர் பெயரில் பட்டா இருக்க நிலத்தில் முழு உழைப்பையும் போடும் பெண்ணிடமும் அந்த நகல் இருக்காது. மண்டிக்காரரிடம் அதிகம் கட்டுண்டு கிடப்பவர்கள் இவர்கள்தான். அவர் மட்டும்தான் இவர்களிடம் பட்டா கேட்பதில்லை.

குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று நிலக்காரர் அஞ்சுவதால், இன்றைய குத்தகைகளில் பெரும் பகுதி தாளில் ஏறுவதில்லை. அந்த அச்சம் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. நபார்டு ஊக்குவிக்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவில் நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, அடமானமின்றி வங்கிக் கடன் பெறலாம். குத்தகை உழவர்களுக்காகவே வகுக்கப்பட்ட முறை அது. உற்பத்தியாளர் நிறுவனம் தன் கிராமங்களில் இத்தகைய குழுக்களை முதலில் அமைத்து, விதைப்புக்கு முன்பே கடன் வாங்கிக் கொடுத்து, அதே பத்துப் பேரின் சரக்கை அறுவடையில் ஒரே தரமாக எடுத்துக்கொண்டால், மண்டியின் முன்பணத்துக்கு மாற்று கிடைக்கும். உறுப்பினர் படிவத்தில் சிட்டாவுக்குப் பதிலாகச் சாகுபடி செய்வதை உறுதிசெய்யும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையோ, கூட்டுப் பொறுப்புக் குழுவின் தீர்மானத்தையோ ஏற்கலாம் என்று நிறுவனத்தின் நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும். சட்டத் திருத்தம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை.